நரகத்துக்குப் பதினோரு மணி

ரயில் குடிப்பதில்லை என்றாள் டெல்ஃபினா.
அதோடு தீர்ந்தது
யார் கார் ஓட்டுவது என்ற மூன்று வாரச் சண்டை.
லெக்கோவில் காலையில் ஏறினால்
ஏரியை இடப்பக்கமே வைத்துக்கொண்டு போய்
கோலிக்கோ தாண்டிக் கிழக்கே திரும்பும்.
அப்புறம் அத்தா ஆறு,
ஆற்றுக்கு மேலே வெயில் பார்த்த மலை,
மலை முழுக்கக் கல்சுவர்,
சுவருக்குச் சுவர் நாலு வரிசைத் திராட்சை.

மேசையில் வரைபடம் சுருண்டுகொண்டே இருக்கிறது.
மூலைக்கொன்றாகப் பாரம் வைத்தோம்:
உப்புக் குப்பி, எலுமிச்சம்பழம், என் மூக்குக்கண்ணாடி,
ஒத்தாவியோவின் கிளினிக் சாவி.

பல் வைத்தியர் அவர்.
"கொப்பளித்துத் துப்புங்கள்" என்று
பத்தொன்பது வருடமாக அவர் சொல்ல
பக்கத்தில் கிண்ணம் ஏந்தி நிற்பவள் நான்.
அவர்தான் இப்போது மேசையைத் தட்டுகிறார்:
"துப்பமாட்டேன்.
அடைமழையில் சரிந்த மண்ணை
முதுகுக்கூடையில் திரும்ப மேலே சுமந்து
ஒருவன் விளைவித்த தேறலை
வாளியில் துப்பவா ரயிலேறிப் போகிறேன்?"
ஆறு கிடங்கு, கிடங்குக்கு ஐந்து கிளாஸ்.
முப்பது, என்றேன்.
சின்ன கிளாஸ், என்றார்.

பென்சில் ஃபியோரென்சாவிடம்.
நிலப்பதிவு அலுவலகத்துக்காரி;
எல்லைக்கோடு போட்டே பழகிய கை, கோணாது.
சஸ்ஸெல்லாவில் ஒரு வட்டம்,
பாறை விளிம்பில் அங்கே ஒரு தேவாலயம்.
குருமெல்லோவில் ஒரு வட்டம்,
அங்கே இடிந்த கோட்டை.
அடுத்தது இன்ஃபெர்னோ.
நரகம் என்றே ஒரு சரிவுக்குப் பெயர்,
கல் பகலெல்லாம் வெயில் குடித்து
இரவில் கொடிக்கு ஊட்டுமாம்.
"நரகத்துக்குப் பதினோரு மணி"
என்று எழுதி அடிக்கோடிட்டாள்.
"பூட்டியிருந்தால்?"
"நரகத்தைப் பூட்டி யார் பார்த்திருக்கிறார்கள்?"
எதற்கும் ஃபோன் செய்தோம்.
ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாம்.

பயணம் சனிக்கிழமைக்கு மாறியது.
டெல்ஃபினாவுக்குச் சனிக்கிழமை
அக்காள் பெண்ணின் நிச்சயதார்த்தம்.
அதற்கும் அடுத்த சனி என்றால்
அறுவடை முடிந்து
பழமெல்லாம் பரணில் பாய்மேல் உலரப் போய்விடும்.
போகட்டும். உலர்வதையும் பார்க்கலாம்.

கோடு கிழக்கே போனது.
வால்ஜெல்லா நெருங்கும் இடத்தில்
சாலையை விட்டு இறங்கியது,
ஆற்றங்கரை வரை போய், வளைந்து,
இரண்டு ஊர் கடந்து மறுபடி மேலேறியது.
"இது என்ன சுற்று?" என்றாள் டெல்ஃபினா.
"மேலே பாதை சரியில்லை."

பாதை நன்றாகத்தான் இருக்கிறது.
பச்சைக் கதவு வைத்த கிடங்கு ஒன்றும் இருக்கிறது.
ருஜ்ஜேரோவின் கிடங்கு.
பதினோரு அறுவடை அவளும் அங்கே கூடை சுமந்தாள்,
பன்னிரண்டாவதுக்கு முன்னால் இறங்கி வந்தாள்,
ஒரு பெட்டியோடு, பூனையில்லாமல்.
ஒத்தாவியோ எலுமிச்சையை எடுத்து முகர்ந்தார்.
வரைபடத்தின் அந்த மூலை சுருண்டு
அந்த ஊரை மூடிக்கொண்டது.
யாரும் அதை நீவிவிடவில்லை.

பாலாடைக்கட்டி தீர்ந்து,
கோதுமையா பாப்பரையா என்று
மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சண்டை நடந்து,
டிக்கெட் எடுக்க ஒத்தாவியோ கண்ணாடி தேடும்போது
அவளே கேட்டாள்:
"அந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நிற்கும்?"
ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை.
"இறங்க வேண்டாம்.
ஜன்னல் திறக்கிற பெட்டியாகப் பார்த்து எடுங்கள்.
உலர்கிற வாசனை கீழே ரயில் வரைக்கும் வரும்."

இடப்பக்க இருக்கை நாலு, என்று
ஒத்தாவியோ சத்தமாகப் படித்தார்.
போகும்போது இடப்பக்கம் ஏரி,
அப்புறமும் இடப்பக்கம்தான் மலை.
டெல்ஃபினா வாய் திறந்தாள்,
நான் மேசைக்கடியில் காலை மிதித்தேன்.

பைக்குள் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன்,
கிளினிக்கில் இருப்பதிலேயே சின்னது.
இருபதாவது கிளாஸில் கேட்பார்.